எச்டி வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கையின் கல்யாண வீடியோ வந்த அன்று, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டேன். கெட்டிமேளம் சரியாகக் கேட்கிறது. மாப்பிள்ளையின் கை மட்டும் தாலியோடு அப்படியே நிற்கிறது. மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் போட்டு முடித்த பிறகுதான் படம் ஒரு குதி குதித்து நகர்ந்தது. அம்மாவின் முகம் வாடிப்போனது. வீடியோ எடுத்தவர் மேல் தப்பில்லை, பென்டிரைவ் மேலும் தப்பில்லை. எங்கள் சிஸ்டத்தில் ஒரு டிரைவர் (கம்ப்யூட்டரின் ஒரு பாகத்தை இயக்க விண்டோஸுக்கு உதவும் சாஃப்ட்வேர்) இல்லை, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. அதற்கப்புறம் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். விண்டோஸ் 10, 11 இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து எழுதியது.

சத்தம் நன்றாக வருகிறது, படம் மட்டும் ஏன் திக்குகிறது?

படத்தின் வேலை அவ்வளவு பெரியது. வீடியோ என்பது அடுத்தடுத்து வேகமாக மாறும் தனித்தனிப் படங்கள்தான், அதில் ஒரு படம்தான் ஒரு ஃப்ரேம். முழு எச்டி எனப்படும் 1080பி வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 20,73,600 புள்ளிகள். அதைச் சுருக்காமல் வைத்தால் ஒரு ஃப்ரேமுக்கே 6 எம்பிக்கு மேல் ஆகும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு நொடிக்கு 180 எம்பியைத் தாண்டிவிடும். 4கே என்றால் இது இன்னும் நான்கு மடங்கு. யாராலும் இதை அப்படியே சேமிக்கவோ அனுப்பவோ முடியாது. அதனால் வீடியோவை நன்றாகச் சுருக்கி வைக்கிறார்கள். பார்க்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் அதை உடனுக்குடன் விரித்துக் காட்ட வேண்டும்.

இதற்குக் கிடைக்கும் நேரம் ரொம்பக் கம்மி. நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லி நொடி. 60 ஃப்ரேம் என்றால் 16.7 மில்லி நொடி. அதற்குள் தயாராகாத ஃப்ரேமை பிளேயர் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். சத்தத்தை விரிப்பது சின்ன வேலை, அது தாமதமே ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தைப் படம் துரத்திப் பிடிக்கப் பார்க்கிறது. நீங்கள் பார்க்கும் திக்கல் அதுதான்.

கோளாறு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும். நான் இதைச் செய்யாமல்தான் நான்கு நாளை வீணாக்கினேன். வீடியோ மூன்று கட்டம் தாண்டி வருகிறது. முதலில் டிஸ்கிலிருந்தோ நெட்டிலிருந்தோ வந்து சேர வேண்டும். அப்புறம் விரிய வேண்டும். கடைசியில் திரையில் சரியான நேரத்துக்குத் தெரிய வேண்டும். மூன்றில் எது தடுக்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். சிபியு, அதாவது பிராசசர், 90, 100 சதவீதம் என்று நின்றால் விரிக்கும் கட்டத்தில் சிக்கல். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டினால் வந்து சேரும் கட்டம். இரண்டுமே அமைதியாக இருந்தும் படம் உதறுகிறதா? அப்படியானால் மானிட்டர், டிவி, கேபிள் பக்கம் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரின் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பகுதியில் 'வீடியோ டீகோட்' பூஜ்ஜியமாகவே இருக்கிறது. அது சரியா?

சரியில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களில் நான் பார்த்த திக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது.

இன்றைக்குள்ள எல்லா ஜிபியுவிலும், தனிக் கார்டாக இருந்தாலும் பிராசசருக்குள்ளேயே இருப்பதானாலும், வீடியோவை விரிப்பதற்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. வேறு எந்த வேலையும் அதற்குத் தெரியாது, ஆனால் அந்த ஒரு வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில், சூடாகாமல் செய்து முடிக்கும். அது வேலை செய்யாதபோது முழுப் பாரமும் சிபியு தலையில் விழுகிறது. ஒரு வீடியோ ஓடும்போது ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற வரைபடம் மேலே ஏற வேண்டும். சில ஏஎம்டி சிஸ்டங்களில் அதன் பெயர் 'வீடியோ கோடெக்' என்று இருக்கும். அது தரையில் படுத்துக் கிடக்க, சிபியு மட்டும் மூச்சு வாங்கினால், அந்தத் தனிப் பகுதிக்கு வேலை போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். சரியான கிராபிக்ஸ் டிரைவர் இல்லை. அல்லது பிளேயரிலோ பிரவுசரிலோ அந்த வசதியை அணைத்து வைத்திருக்கிறது. அல்லது அந்த வீடியோவின் வகையை உங்கள் ஜிபியுவுக்கு விரிக்கத் தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்தது முதலாவது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால்தான் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கினோம். டாஸ்க் மேனேஜரில் சிபியு, மெமரி, டிஸ்க், ஈதர்நெட் எல்லாம் வரிசையாக இருந்தன. ஜிபியு என்ற வரியே இல்லை. அந்த வரி இருக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போது தெரியாது, அதனால் இல்லாதது கண்ணில் படவில்லை. நான்காம் நாள் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதன் கீழே பார்த்தால் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. திரையில் ஏதாவது தெரிய வேண்டுமே என்று விண்டோஸ் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளும் டிரைவர் அது. வீடியோ விரிக்கும் பகுதியை அதற்குத் தொடவே தெரியாது. விண்டோஸ் அப்டேட்டையும் நிறுத்தி வைத்துக் கொடுத்திருந்ததால் சரியான டிரைவர் தானாக வந்து சேரவும் வழியில்லை. இன்டெல் தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, அதே வீடியோவைப் போட்டேன். 100 சதவீதத்தில் நின்ற சிபியு 15க்கு வந்தது. ஏழாம் தலைமுறை ஐ3, 4கே வீடியோ, ஒரு ஃப்ரேம் கூட விழவில்லை.

மிகப் பழைய சிஸ்டங்களில் டிரைவர் சரியாக இருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு வரி வராது. அங்கே டிவைஸ் மேனேஜரில் பெயரைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

டிரைவரை எங்கிருந்து எடுப்பது?

இன்டெல், என்விடியா, ஏஎம்டி, எது உங்கள் ஜிபியுவோ அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்து. லேப்டாப் என்றால் முதலில் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் நம்பரைப் போட்டுத் தேடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறேன் என்று வரும் சாஃப்ட்வேர்களைத் தொடாதீர்கள். தப்பான டிரைவரைப் போட்டுவிடுவதும் உண்டு, கூடவே வேண்டாத விளம்பரங்கள் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு.

என் கம்ப்யூட்டருக்கு எந்த வகை வீடியோ ஒத்துவரும்?

வீடியோவைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். எச்.264 வந்தது 2003இல். எச்.265, அதன் இன்னொரு பெயர் எச்இவிசி, 2013இல் வந்தது. யூடியூப் அதிகம் பயன்படுத்தும் விபி9 அதே 2013. ஏவி1 வந்தது 2018. ஒவ்வொரு புதுக் கோடெக்கும் அதே தரத்தை இன்னும் சின்ன ஃபைலில் அடைக்கிறது. ஆனால் விரிப்பதற்கு அதிகக் கணக்கு போட வேண்டியிருக்கிறது. ஒரு பழைய சிஸ்டத்தில் 8 ஜிபி எச்.264 படம் வழுக்கிக்கொண்டு ஓடும், 2 ஜிபி எச்.265 படம் திக்கும். 'சின்ன ஃபைல்தானே, இது ஏன் ஓட மாட்டேன் என்கிறது' என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. காரணம் இதுதான்.

பிராசசருக்குள்ளே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ் என்றால், எச்.264 எல்லாவற்றிலும் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண 8 பிட் எச்.265 ஆறாம் தலைமுறையிலிருந்து (பிட் எண் கூடினால் நிறங்கள் இன்னும் நுணுக்கமாகப் பதிவாகும்). 10 பிட் எச்.265, விபி9 இரண்டும் ஏழாம் தலைமுறையிலிருந்து. ஏவி1 பதினொன்றாம் தலைமுறை லேப்டாப்களிலிருந்து. பிராசசரின் பெயரில் ஐ3, ஐ5 என்பதற்கு அடுத்து வரும் நம்பரைப் பாருங்கள்: ஐ5-4460 நான்காம் தலைமுறை, ஐ3-7100 ஏழாம் தலைமுறை. தனிக் கார்டுகளில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து ஏவி1 வருகிறது.

எல்லாத் தலைமுறையிலும் தடுக்கி விழுவது ஒன்று உண்டு: 10 பிட் எச்.264. அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) ரசிகர்கள் ஒரு காலத்தில் அதிகம் சேகரித்த வகை. பெரும்பாலான ஜிபியுவில் அதை விரிக்கும் வசதியே வைக்கவில்லை, சிபியு பலம் ஒன்றுதான் அதற்கு வழி. கல்யாண வீடியோக்காரர்கள் எடிட் செய்யாத ஒரிஜினல் கிளிப்களைக் கொடுத்தால் அதிலும் இதே தொல்லை வரும். புது கேமராக்களில் நிறத்துக்காக 10 பிட் 4:2:2 என்ற வகையில் எடுக்கிறார்கள். எடிட்டிங்குக்கு அது அருமையானது, வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம். எடிட் செய்து முடித்த வீடியோவை 8 பிட் எச்.264ஆக ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஃபைல் எந்தக் கோடெக் என்று பார்க்க, விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஓடவிட்டு கன்ட்ரோலும் ஜே எழுத்தும் அழுத்தினால் போதும்.

சொந்த ஃபைல்கள் நன்றாக ஓடுகின்றன. யூடியூப் மட்டும் திக்குகிறது. ஏன்?

யூடியூப் வீடியோவின் மேல் மவுஸை வைத்து வலது கிளிக் செய்யுங்கள். பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் மூலையில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் மூன்று வரி போதும்.

'பஃபர் ஹெல்த்' என்பது எத்தனை நொடி வீடியோ முன்கூட்டியே வந்து கையிருப்பில் இருக்கிறது என்பதைக் காட்டும். அது 20, 30 நொடி என்று தெம்பாக இருக்கும்போதே படம் திக்கினால், நெட் கம்பெனிக்கு போன் போட்டுப் பயனில்லை. 'டிராப்டு' என்ற எண் உங்கள் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில். பஃபர் பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தொட்டு வந்தால்தான் நெட்.

'கோடெக்ஸ்' என்ற வரியில் வி, பி, 09 என்று தொடங்கினால் விபி9, ஏ, வி, 01 என்று தொடங்கினால் ஏவி1, ஏ, வி, சி என்று தொடங்கினால் எச்.264. நான்காம், ஐந்தாம் தலைமுறை சிஸ்டத்துக்கு யூடியூப் விபி9 அனுப்பினால் சிபியுதான் அத்தனையையும் சுமக்கும். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. 'எச்264ஐஃபை' என்ற இலவச எக்ஸ்டென்ஷனை பிரவுசரில் போட்டால், எச்.264 மட்டும் போதும் என்று யூடியூபிடம் அது கேட்டு வாங்கும். 1080பி வரை அப்படிக் கிடைக்கும். 4கே கிடைக்காது, ஏனென்றால் யூடியூப் 4கேவை எச்.264இல் கொடுப்பதில்லை. பழைய சிஸ்டத்துக்கு 1080பி தாராளம் என்பது என் கருத்து. என் மாமாவின் பழைய டெஸ்க்டாப் இந்த ஒரு எக்ஸ்டென்ஷனால் மறுபடியும் பாட்டு பார்க்கும் பெட்டியானது.

அதோடு குரோம் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய், 'யூஸ் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் வென் அவைலபிள்' என்பது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே ஆனில் இருந்தும் திக்கினால், ஒருமுறை ஆஃப் செய்தும் பாருங்கள். டிரைவரில் கோளாறு இருக்கும் சிஸ்டங்களில் அணைத்தால்தான் சரியாகும். அப்படிச் சரியானால் அதை நிரந்தரமாக விட்டுவிடாமல் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

எச்டிக்கு எவ்வளவு நெட் வேகம் வேண்டும்?

யூடியூப் சொல்லும் கணக்கில் 720பிக்கு 2.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), 1080பிக்கு 5, 4கேவுக்கு 20. வீட்டில் 40, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த 100 ரவுட்டர் வரைதான். ரவுட்டர் ஹாலில், கம்ப்யூட்டர் உள் அறையில், நடுவில் இரண்டு சுவர் என்றால் வைஃபையில் பாதிகூட வராமல் போகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவர் தாண்டத் திணறும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெரிசலில் நிற்கும். ஒரு லேன் கேபிள் இழுத்துச் செருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டாம்.

கோடெக்குகளை மொத்தமாகத் தரும் 'கோடெக் பேக்' போட்டால் சரியாகுமா?

ஆகாது. விஎல்சி, எம்பிவி போன்ற பிளேயர்கள் தங்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. வீடியோ திறக்கவே இல்லை என்பது வேறு பிரச்சினை, திக்குவது வேறு பிரச்சினை. இந்தக் கோடெக் இறக்கினால்தான் படம் ஓடும் என்று ஏதோ ஒரு தளம் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். வைரஸ் வருவதற்கு அது பழகிப்போன வழி.

விஎல்சியில் என்ன மாற்ற வேண்டும்?

'டூல்ஸ்', அப்புறம் 'பிரிஃபரன்சஸ்', அப்புறம் 'இன்புட் / கோடெக்ஸ்'. அங்கே 'ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள். ஆட்டோமேட்டிக்கிலேயே இருந்து படம் கட்டம் கட்டமாக உடைந்தால் 'டிஸேபிள்' கொடுத்துப் பார்க்கலாம், சிபியு தாங்கினால். விஎல்சி திக்கி, அதே ஃபைல் எம்பிவியிலோ எம்பிசி-எச்சியிலோ வழுக்கிக்கொண்டு ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பிளேயரோடு மல்லுக்கட்டாமல் இன்னொன்றில் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

ரொம்பப் பழைய சிஸ்டத்துக்குக் கடைசி வழி ஒன்று. அதே பக்கத்தில் 'ஸ்கிப் எச்.264 இன்-லூப் டீபிளாக்கிங் ஃபில்டர்' என்பதில் 'ஆல்' கொடுத்தால் சிபியு பாரம் குறையும். படத்தில் கொஞ்சம் கட்டம் தெரியும். நின்று நின்று ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம்தான் திக்குகிறது.

சூடு. பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்தில் 'ஸ்பீடு' என்று கிகாஹெர்ட்ஸ் கணக்கு ஓடும். வீடியோ தொடங்கும்போது 3 காட்டியது, திக்க ஆரம்பித்ததும் 1க்குக் கீழே விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

லேப்டாப்பை மெத்தை மேலோ மடியில் தலையணை மேலோ வைத்துப் பார்க்காதீர்கள், அடியில் காற்று இழுக்கும் வழி அடைபடுகிறது. டெஸ்க்டாப் என்றால் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள். ரோடு ஓரத்து வீடு என்றால் பிராசசர் ஃபேனுக்கு அடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயராலோ பெயின்ட் பிரஷ்ஷாலோ தட்டி எடுங்கள். நான்கைந்து வருடம் ஆகியிருந்தால் தெர்மல் பேஸ்டும் (பிராசசரின் சூட்டை ஃபேன் பக்கம் கடத்தும் பசை) காய்ந்திருக்கும். அதை மாற்றக் கை வராது என்றால் கடையில் கொடுங்கள், சின்னச் செலவுதான்.

லேப்டாப்பில் இன்னொன்றும் கவனியுங்கள். சார்ஜர் போடாமல் பேட்டரி சேவரில் ஓடினால் வேகம் குறையும். சில லேப்டாப்கள் தன்னுடைய சொந்த சார்ஜர் இல்லை, அல்லது சார்ஜரின் வாட் போதவில்லை என்று கண்டாலும் பிராசசரை அமுக்கி வைத்துவிடும். புது சார்ஜர் வாங்கிய பிறகுதான் திக்கல் ஆரம்பித்தது என்றால் இதை முதலில் பாருங்கள்.

பென்டிரைவிலிருந்து நேராகப் போட்டுப் பார்க்கலாமா?

சினிமாப் படம் என்றால் பெரும்பாலும் ஓடும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், அதனால் 20 எம்பிபிஎஸ் ஃபைலுக்கு நொடிக்கு 2.5 எம்பிதான் வேண்டும். ஆனால் கேமராவிலிருந்து வந்த 4கே ஃபைல் 100 எம்பிபிஎஸ் இருக்கலாம், அதாவது நொடிக்கு 12.5 எம்பி. விலை குறைந்த பென்டிரைவ், அதுவும் யுஎஸ்பி 2.0 பாயின்ட்டில், இதற்குத் திணறும். ஃபைலை ஹார்டு டிஸ்கில் காப்பி செய்து அங்கிருந்து ஓடவிடுங்கள்.

டிவியில் எச்டிஎம்ஐ போட்டுப் பார்த்தால் மட்டும் உதறுகிறது. மானிட்டரில் நன்றாக இருக்கிறதே?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இதைப் பற்றிக் கடையில் கேட்டால் யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, பழைய எச்டிஎம்ஐ 1.4 பாயின்ட் வழியாக 4கே போனால் நொடிக்கு 30 முறைதான் திரை மாறும். 50, 60 ஃப்ரேம் வீடியோவில் பாதி ஃப்ரேம் டிவிக்குப் போய்ச் சேரவே சேராது. மவுஸ் அம்பை வேகமாக ஆட்டிப் பாருங்கள், அதுவும் தாவித் தாவி வந்தால் இதுதான். விண்டோஸ் செட்டிங்ஸில் 'டிஸ்ப்ளே', 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' போய் 'ரிஃப்ரெஷ் ரேட்' (நொடிக்குத் திரை மாறும் எண்ணிக்கை, ஹெர்ட்ஸ் கணக்கில்) எத்தனை என்று பாருங்கள். 30 என்றால், 4கேவை விட்டு 1080பிக்கு இறங்கி 60 வையுங்கள். படம் உடனே தெளிந்த ஓட்டத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது, நம் ஊரில் ரொம்பப் பேருக்கு வரும் சிக்கல். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டப விளக்குகளின் மினுமினுப்பு கேமராவில் தெரியாமல் இருக்க, வீடியோக்காரர்கள் நொடிக்கு 25 அல்லது 50 ஃப்ரேமில் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையோ 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 50 ஃப்ரேமை 60 இடத்தில் உட்கார வைக்க, ஐந்து ஃப்ரேமுக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை காட்ட வேண்டும். நொடிக்குப் பத்து முறை ஒரு சின்னத் தடுமாற்றம். ஆட்கள் நின்று பேசும்போது தெரியாது. கேமரா மணமேடையிலிருந்து மெல்லத் திரும்பிப் பந்தி வரை போகும்போது தூண்கள் எல்லாம் நடுங்குவது போலத் தெரியும். சிபியு, ஜிபியு, பென்டிரைவ் எதை மாற்றினாலும் இது போகாது. அதே 'ரிஃப்ரெஷ் ரேட்' பெட்டியில் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். டிவிகள் பொதுவாக 50ஐ ஏற்றுக்கொள்ளும், மானிட்டர்களில் சிலவற்றில்தான் அது இருக்கும். தங்கை வீடியோவை டிவியில் 50 ஹெர்ட்ஸில் போட்ட அன்றுதான் ஊர்வலக் காட்சி முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடியது.

சினிமாவுக்கும் இதே கதை. சினிமா 24 ஃப்ரேம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வரும். 24 அல்லது 120 ஹெர்ட்ஸ் கிடைத்தால் அதை வையுங்கள்.

உதடு அசைவும் பேச்சும் ஒட்டவில்லை.

விஎல்சியில் ஜே, கே எழுத்துகளை அழுத்தினால் சத்தம் முன்னும் பின்னும் நகரும். போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால் ஃப்ரேம்கள் விழுகின்றன, மேலே சொன்னவற்றைப் பாருங்கள்.

ரேம் போடலாமா, கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா, புது கம்ப்யூட்டரே வாங்கிவிடலாமா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகு மட்டும். 4 ஜிபி ரேமில் பிரவுசரும் திறந்து வீடியோவும் ஓடவிட்டால் விண்டோஸ் ரேமில் இடமில்லாமல் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும், அப்போது திக்கும். அதற்கு 8 ஜிபி ஆக்குவது நல்ல செலவு. 8 ஏற்கனவே இருந்தால் 16 ஆக்குவதால் வீடியோவுக்கு ஒன்றும் ஆகாது.

கார்டு வாங்கப் போனால் ஒரு எச்சரிக்கை. விலை குறைவாக இருக்கிறதே என்று ஜிடி 710, ஜிடி 730 எடுக்காதீர்கள். அவற்றில் எச்.265, விபி9 இரண்டையும் விரிக்கும் வசதி கிடையாது. நீங்கள் எந்தக் கஷ்டத்துக்காக வாங்குகிறீர்களோ அதைத் தீர்க்காத கார்டு அது. ஜிடி 1030 இரண்டையும் விரிக்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி கார்டுகள் 2022இல் வந்தவை என்றாலும் ஏவி1 விரிக்காது. கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளை அந்தக் கார்டின் பாயின்ட்டில் செருகுங்கள். மதர்போர்டு பாயின்ட்டிலேயே கேபிளை விட்டுவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

எதுவும் சரிப்படவில்லை. இந்த ஒரு வீடியோவை மட்டும் எப்படியாவது பார்க்க வேண்டும்.

மாற்றிக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் வீடியோவைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற பிரீசெட்டை (முன்கூட்டியே தயாராக இருக்கும் அமைப்பு) தேர்ந்தெடுத்து ஓடவிட்டால் எச்.264 ஃபைல் கிடைக்கும். உங்கள் வீடியோ 50 ஃப்ரேம் என்றால் ஒன்று மட்டும் மாற்றுங்கள்: 'வீடியோ' பக்கத்தில் ஃப்ரேம் ரேட்டை 25 என்று வையுங்கள். அந்த பிரீசெட் 30க்கு இறக்கிவிடும், 50ஐ 30 ஆக்கினால் சீராக வராது, 25 என்றால் ஒன்று விட்டு ஒன்று எடுத்து அழகாக வரும். பழைய சிஸ்டத்தில் மூன்று மணி நேர வீடியோவுக்கு ராத்திரி முழுக்க ஆகும். படுக்கப் போகும்போது போட்டுவிடுங்கள். ஒரிஜினல் ஃபைலை அழித்துவிடாதீர்கள், நாளைக்கு நல்ல டிவி வந்தால் அதன் 4கே தெளிவு வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்ததும் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கிறது.

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை, அந்த ஃபைலில்தான் அடிபட்டிருக்கிறது. காப்பி ஆகும்போது பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியிருக்கலாம், அல்லது டிஸ்கில் அந்த இடம் கெட்டிருக்கலாம். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே நொடியில் நின்றால் வீடியோக்காரரிடம் மறுபடியும் ஒரு காப்பி கேளுங்கள், தாமதிக்காமல் கேளுங்கள். அவர்களும் டிஸ்கில் இடம் வேண்டுமென்று சில மாதங்களில் பழைய கல்யாணங்களை அழித்துவிடுவார்கள். புதுக் காப்பி கைக்கு வந்ததும் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு வேறு வேறு டிஸ்கில் போட்டு வையுங்கள்.